அப் என்னும் இரண்டெழுத்து



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நேரம் முழுவதையும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகச் செலவிடப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதற்கு இரண்டே எழுத்து, தமிழில் எழுதினாலும் இரண்டே எழுத்து. ‘அப்’ என்பதுதான் அந்தச் சொல். ‘மேலே’ என்று பொருள் சொல்லித் தொடக்கப் பள்ளியிலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். பிறகு அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால், பட்டப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கான நேர்காணலில் உட்காரும் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ‘இன்வெஸ்டிகேட்’, ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ போன்ற பெரிய சொற்கள் அவர்களுக்குச் சரளமாக வருகின்றன. எதிரே இருப்பவர் பேச்சுவாக்கில் ‘லுக் இட் அப்’ என்றோ ‘ஹி டர்ன்டு அப் லேட்’ என்றோ சொன்னால்தான் முகம் மாறுகிறது. லுக் தெரியும், அப் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதுதான் தெரிவதில்லை.

இதற்கு நாம் கண்டுவைத்திருக்கும் மருந்து, பட்டியல். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது, ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது என்று இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் பொருளுமாக எழுதிப்போட்டு, பொருத்துக என்று தேர்வில் கேட்கிறோம். தேர்வு முடிந்த மறுவாரமே அது மறந்துவிடுகிறது. இந்த வழி சரியில்லை என்பதே என் கருத்து. ‘அப்’ என்ற சொல்லின் போக்கில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் தமிழ் பேசும் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் சொத்தை எண்ணிப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஒருவர்கூட நம் ஊரில் இந்தச் சொல்லை நாளெல்லாம் பயன்படுத்துகிறார். ஆஸ்பத்திரியில் செக்கப், போலீஸ் ஸ்டேஷனில் லாக்கப், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப், வண்டிக்குப் பிக்கப், செல்போனுக்கு டாப்பப், வெட்டிப் பெருமை பேசுபவனுக்குப் பில்டப், காதலர்களுக்குப் பிரேக்கப், கையில் எந்நேரமும் வாட்ஸ்அப். 2009-இல் அந்தச் செயலியைத் தொடங்கிய ஜேன் கூம், ‘என்ன விசேஷம்’ என்று விசாரிக்கும் ‘வாட்ஸ் அப்’ என்ற ஆங்கிலத் தொடரையும் செயலியைக் குறிக்கும் ‘ஆப்’ என்ற சொல்லையும் ஒன்றாக இணைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். அண்ணன் தம்பி விசாரித்துக்கொள்ளும் குசலச் சொல் இன்று கோடிக்கணக்கானோரின் தொலைபேசியில் குடியிருக்கிறது.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் மக்களின் நாவில் இவை செக்கப்பு, லாக்கப்பு, மேக்கப்பு என்று உகரம் பெற்று, தமிழ் ஓசைக்குள் வந்துவிட்டன. ஆங்கிலேயருக்கு இரண்டு சொல்லாக இருந்தது நமக்கு ஒரே சொல்லாகிவிட்டது. சினிமாப் படப்பிடிப்பில் அன்றைய வேலை முடிந்ததும் ‘பேக்கப்’ என்று குரல் கொடுக்கிறார்கள். சாமான்களை எடுத்து மூட்டை கட்டுங்கள் என்பதே அதன் பொருள். கணினி வைத்திருப்பவர் தம் கோப்புகளுக்கு எடுத்துவைக்கும் மாற்றுப் பிரதியும் பேக்கப்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்ட பிறகும் நம் ஆட்களுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. 2008-இல் வெளிவந்த தசாவதாரம் படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்தபோது, பத்துக் கெட்டப் என்றுதான் ஊரே பேசியது. அந்தக் கெட்டப் என்ற சொல்லிலும் நம் இரண்டெழுத்து ஒளிந்திருக்கிறது. ஆக, ‘அப்’ நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தது இது. ஜெர்மன் மொழியின் ‘அவுஃப்’, டச்சு மொழியின் ‘ஓப்’, சுவீடன் மொழியின் ‘உப்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். பழைய ஆங்கிலத்தில் மேல்நோக்கிப் போவதற்கு ‘உப்’, மேலே இருப்பதற்கு ‘உப்பே’ என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. போவதையும் இருப்பதையும் ஒரே சொல் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சும் இலத்தீனும் மொழியாயின. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் பழைய ஆங்கிலமே நீடித்தது. அதனால்தான் இன்றும் ‘டாலரேட்’ எழுத்து மொழியாகவும் ‘புட் அப் வித்’ பேச்சு மொழியாகவும் இருக்கின்றன. முதலாவது இலத்தீன் வழி வந்தது, இரண்டாவது முழுக்க முழுக்க மண்ணில் முளைத்தது. நமக்கு ஆங்கிலம் வந்தது பாடப்புத்தகம், கோர்ட்டு, கச்சேரி வழியாக. ஆகவே ஆங்கிலேயருக்குக் கடினமான சொல் நமக்கு எளிதாகவும், அவர்கள் வீட்டுக் குழந்தை பேசும் சொல் நமக்குக் கடினமாகவும் ஆகிவிட்டது. நம் மாணவர்களின் தடுமாற்றத்துக்கு அறிவுக் குறைவு காரணமல்ல, மொழி வந்து சேர்ந்த வழியே காரணம்.

இந்தத் தடுமாற்றம் தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் இதையே குறிப்பிட்டிருக்கிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவது அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று அவர் கண்டார். அத்தகைய தொடர்களை மிகுந்த அக்கறையுடன் திரட்டியதாகவும், திரட்டு முழுமை பெற்றுவிட்டது என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை என்றும் எழுதினார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்று நாம் வகுப்பில் சொல்லும் பெயர் அவர் காலத்தில் கிடையாது. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-இல் வெளியிட்ட நூலில்தான் அந்தப் பெயர் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது என்று ஸ்மித்தே பதிவு செய்திருக்கிறார்.

பழைய ஆங்கிலத்தில் ‘அப்’ பெரும்பாலும் வினைக்கு முன்னால் நின்றது. பிற்காலத்தில் பின்னால் போயிற்று. முன்னால் நின்ற காலத்தின் மிச்சங்கள் இன்றும் உண்டு. ‘அப்ஹோல்ட்’ என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை உறுதி செய்வது. அதையே திருப்பிப் போட்டு ‘ஹோல்ட் அப்’ என்றால் தாமதப்படுத்துவது, அல்லது துப்பாக்கியைக் காட்டி வழிமறித்துக் கொள்ளையடிப்பது. ‘ஸ்டார்ட்அப்’ என்றால் புதிதாகத் தொடங்கிய நிறுவனம், மதிப்பான சொல். ‘அப்ஸ்டார்ட்’ என்றால் நேற்றுப் பணம் வந்து இன்று தலைகால் தெரியாமல் ஆடுபவன், வசைச் சொல்.

இந்த வரிசையில் ‘அப்செட்’ என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘அவர் ரொம்ப அப்செட்’ என்று நாமே சொல்கிறோம். மனம் நொந்திருக்கிறார் என்று பொருள். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு நேரெதிர்ப் பொருள். தூக்கி நிறுத்துவதுதான் அன்று அப்செட். பிறகு படகும் வண்டியும் கவிழ்வதற்கு ஆகி வந்தது, அதன்பின் மனம் கவிழ்வதற்கும் ஆயிற்று. பழைய பொருள் செத்துப்போய்விட்டதா? இல்லை. கோர்ட்டு ஏலத்துக்கோ வீட்டு மனை ஏலத்துக்கோ போனவர்களைக் கேளுங்கள். இதற்குக் குறைந்து கேட்கக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். அதற்குப் பெயர் ‘அப்செட் பிரைஸ்’. அந்தத் தொகைக்கும் மனவருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ‘நிறுத்திவைத்தல்’ என்ற பொருள் இன்றைக்கும் நம் ஏல அறிவிப்புகளில் உயிரோடு இருக்கிறது.

இனி அந்த ஒழுங்குக்கு வருகிறேன். ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இருவர் 1980-இல் எழுதிய ஒரு நூலில், மனிதர்கள் மேல் கீழ் என்ற திசைகளைக் கொண்டே பல கருத்துகளைச் சிந்திக்கிறார்கள் என்று காட்டினார்கள். அதிகம் என்றால் மேலே, குறைவு என்றால் கீழே. மகிழ்ச்சி மேலே, துயரம் கீழே. அதிகாரம் மேலே, அடங்கியிருப்பது கீழே. அடுத்த ஆண்டே சூசன் லிண்ட்னர் என்னும் ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் தம் முனைவர் பட்டத்துக்கு ‘அப்’, ‘அவுட்’ என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொண்டு, வினையோடு சேரும்போது இவற்றின் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கின்றன, தாறுமாறாகக் கிடக்கவில்லை என்று விரிவாக நிறுவினார்.

தமிழர்களாகிய நமக்கு இது கேட்டவுடனே விளங்கும். விலை ஏறிற்று, இறங்கிற்று என்கிறோம். விலைக்குக் காலா இருக்கிறது ஏறுவதற்கு? மேலதிகாரி, மேலிடம், கீழ்க்கோர்ட்டு என்கிறோம். உயர்ந்த மனிதர், தாழ்வு மனப்பான்மை என்கிறோம். ஆகவே ‘பிரைசஸ் ஆர் அப்’ என்பதும், சத்தமாகப் பேசச் சொல்லும் ‘ஸ்பீக் அப்’ என்பதும், வளர்ந்து ஆளாவதைக் குறிக்கும் ‘குரோ அப்’ என்பதும் நமக்குப் புதிய சிந்தனையே அல்ல.

‘அப்’ நடக்கும் பாதைகளை நான் ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலாவது, உள்ளபடியே மேலே போவது, எழுவது. எழுந்திரு என்பதற்கு ‘கெட் அப்’. இரண்டாவது, அதிகமாவது. வேகம் கூட்ட ‘ஸ்பீட் அப்’, விரைந்து வரச் சொல்ல ‘ஹரி அப்’. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும்படி வெளிவருவது. கீழே, மறைவில் கிடப்பது மேலே வந்தால்தானே கண்ணில் படும்? எனவே ஆள் வந்து சேர்ந்தால் ‘டர்ன் அப்’. பேச்சில் ஒரு விஷயத்தை எழுப்பினால் ‘பிரிங் அப்’. அகராதிக்குள் கிடக்கும் சொல்லைத் தேடி எடுத்தால் ‘லுக் அப்’. நான்காவது, ஒன்றுசேர்வது, நெருங்குவது. வரிசையில் நின்றால் ‘லைன் அப்’, பின்தங்கியவன் ஓடிவந்து பிடித்தால் ‘கேட்ச் அப்’, கூட்டிச் சேர்த்தால் ‘ஆட் அப்’. ஐந்தாவது, முழுமை. ஒரு வேலை மிச்சமில்லாமல் தீர்ந்தது என்று சொல்வது. கற்பவர்களுக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது இந்த ஐந்தாவது பாதைதான். ஆனால் தமிழ் பேசுபவர்களுக்கு மிக எளிதாக இருக்க வேண்டியதும் அதுவேதான்.

ஏன் என்று சொல்கிறேன். ‘ஷி யூஸ்டு த ஷுகர்’ என்றால், சர்க்கரையைப் பயன்படுத்தினாள். டப்பாவில் இன்னும் இருக்கலாம். ‘ஷி யூஸ்டு அப் த ஷுகர்’ என்றால் டப்பா காலி. தமிழில் என்ன சொல்வோம்? சர்க்கரையைத் தீர்த்துவிட்டாள் என்போம். ‘ஹி டோர் த லெட்டர்’ என்றால் கடிதத்தைக் கிழித்தான். ஓரத்தில் சற்றே கிழிந்திருந்தாலும் அப்படிச் சொல்லலாம். ‘டோர் அப்’ என்றால் கிழித்துப்போட்டான், இனி எடுத்து ஒட்ட முடியாது. ‘பீட்’ என்றால் அடித்தான். ‘பீட் அப்’ என்றால் அடித்து நொறுக்கினான். ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு சொட்டும் இல்லையென்றால் ஆங்கிலத்தில் ‘டிரைடு அப்’, தமிழில் வறண்டுபோயிற்று. பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்தால் ‘சேவ் அப்’. பக்கத்து வீட்டாரோடு பழகிப் பழகியே ஒரு மொழியைக் கற்றுக்கொண்டால் ‘பிக் அப்’. தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் ‘புட் அப் வித்’. மனம் தளர்ந்து முயற்சியை விட்டுவிட்டால் ‘கிவ் அப்’.

நான் சொன்ன தமிழ்ச் சொற்களின் வால்களைப் பாருங்கள். தீர்த்துவிட்டாள், கிழித்துப்போட்டான், வறண்டுபோயிற்று, சேர்த்துவை, கற்றுக்கொள். விடு, போடு, போ, வை, கொள் என்னும் துணைவினைகள் முதல்வினைக்குப் பின்னால் வந்து நின்று, செயல் எப்படி முடிந்தது, யாருக்காக நடந்தது, எவ்வளவு தீர்மானமாக நடந்தது என்பதையெல்லாம் காட்டுகின்றன. ஆங்கிலம் இந்த வேலைக்கு வைத்திருக்கும் சிறு சொற்களில் முதன்மையானது ‘அப்’. இரண்டு மொழிகளும் வேறு வேறு குடும்பம், இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை அல்ல. இருந்தும் ஒரே தேவைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே உத்தியைக் கையாள்கின்றன. முதலில் செயல், அதன் பின்னால் ஒரு சிறு சொல்.

அதற்காக, விடு வருமிடமெல்லாம் அப் போடலாம் என்று கொள்ளக் கூடாது. தமிழில் விடு ஏறக்குறைய எந்த வினையோடும் சேரும். வந்துவிட்டார், செத்துவிட்டார், தெரிந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘கம் அப்’ என்றால் வந்துவிடுவது அல்ல, ‘டை அப்’ என்று ஒரு தொடரே கிடையாது. கண்ணாடிக் குவளை உடைந்துவிட்டால் ‘பிரோக்’ போதும். ‘பிரோக் அப்’ என்றால் சில்லுசில்லாகச் சிதறியது, கூட்டம் கலைந்தது, அல்லது உறவு முறிந்தது. தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருளோ, எட்டக்கூடிய ஓர் எல்லையோ இருந்தால்தான் முழுமையைச் சொல்லும் ‘அப்’ சேரும். இந்த ஒரு வரியை வகுப்பில் சொல்லிவிட்டால், பட்டியலில் பாதியை மாணவர்கள் தாங்களாகவே ஊகித்துவிடுவார்கள்.

வேடிக்கை போலச் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. வீடு எரிந்தால் ‘பர்ன்டு டவுன்’, காகிதம் எரிந்தால் ‘பர்ன்டு அப்’, மேலும் கீழும் எப்படி ஒன்றாகும் என்பார்கள். தமிழில் சொல்லிப் பார்த்தால் கேள்வியே எழாது. வீடு எரிந்து விழுந்தது, காகிதம் எரிந்து தீர்ந்தது. ஒன்றில் விழுந்ததைப் பார்க்கிறோம், மற்றதில் தீர்ந்ததைப் பார்க்கிறோம். அவ்வளவுதான். ‘வைண்ட் அப்’ என்ற தொடரும் இப்படித்தான். பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஓடவைப்பதும் வைண்ட் அப். ஒரு கம்பெனியைச் சட்டப்படி கலைத்துக் கணக்கு முடிப்பதும் வைண்டிங் அப். 2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. சுருள்வில்லைக் கடைசிச் சுற்றுவரை இறுக்குவது முன்னது, கொடுக்கல் வாங்கலைக் கடைசிக் காசுவரை தீர்ப்பது பின்னது. இரண்டிலும் உள்ள பொதுப்பொருள் ‘கடைசிவரை’ என்பது.

‘மேக் அப்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு ஒப்பனை செய்வது மேக்கப். நடக்காத ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்வதும் மேக் அப். சண்டை போட்ட இருவர் சமாதானமாவதும் அதுதான். தாமதமாகப் புறப்பட்ட ரயில் வழியில் வேகமெடுத்து நேரத்தை ஈடுகட்டுவதும் அதுதான். பதினொரு பேர் சேர்ந்து ஓர் அணியாவதும் அதுதான். தயங்கித் தயங்கி ஒரு முடிவுக்கு வருவது ‘மேக் அப் யுவர் மைண்ட்’. அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் செய்தியையும் படத்தையும் பொருத்திப் பக்கம் அமைப்பதைப் பேஜ் மேக்கப் என்பார்கள். இத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்தால் ஏழு சுமை. இவற்றின் அடியில் ஓடும் கருத்து ஒன்றே. குறையாக, சிதறலாக இருப்பதைக் கூட்டிச் சேர்த்து முழுதாக்குவது. முகத்தின் குறை, நேரத்தின் குறை, உறவின் குறை, கதையில்லாத இடத்தில் கதை, தாளில் இருக்கும் வெற்றிடம் எல்லாமே அதற்குள் அடங்கும்.

‘புட் அப்’ என்பதற்கு இந்திய அலுவலகங்கள் ஒரு தனி வாழ்வே கொடுத்திருக்கின்றன. விருந்தாளியைத் தங்கவைப்பது, கட்டடம் எழுப்புவது, வீட்டை விற்பனைக்கு வைப்பது எல்லாம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் ‘ஃபைலை புட்டப் பண்ணுங்க’ என்று ஒரு மேலதிகாரி சொல்லும்போது அது நம் செக்ரடேரியட் ஆங்கிலம். எழுத்தர் குறிப்பெழுதி, கண்காணிப்பாளர் பார்த்து, படிப்படியாக மேலே போய் அதிகாரியின் மேசையில் அந்தக் கோப்பு உட்கார வேண்டும். காகிதம் நிஜமாகவே ஏணி ஏறுகிறது. அதிகாரம் மேலே இருக்கிறது என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே கருத்தை இங்கிலாந்தின் ரயில்களிலும் காணலாம். அங்கே லண்டனை நோக்கி வரும் பாதை ‘அப்’, லண்டனைவிட்டு விலகிப் போவது ‘டவுன்’. எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு வரும் ரயில் வரைபடத்தில் தெற்கே, கீழ்நோக்கித்தான் வருகிறது. ஆனாலும் அது அப் ரயில்தான். தலைநகரம் எங்கே இருந்தாலும் அது மேலே. அந்த வழக்கு ரயிலோடு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. அப் லைன், டவுன் லைன் என்று ரயில்வே ஊழியர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் செல்வதை ‘கோ அப்’ என்பதும், ஒழுங்கு நடவடிக்கையாக வெளியேற்றுவதை ‘சென்ட் டவுன்’ என்பதும் இதே கண்ணோட்டம்தான். இலங்கையில் ‘அப்கன்ட்ரி’ என்ற சொல்லுக்குள் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறே இருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்நோக்கிய நிலம் என்பது அதன் பொது ஆங்கிலப் பொருள். இலங்கையிலோ உள்நோக்கிப் போனால் மலையேற வேண்டும். கண்டியும் ஹட்டனும் நுவரெலியாவும் அங்கேதான். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘அப்கன்ட்ரி தமிழர்’, தமிழில் மலையகத் தமிழர்.

மாணவர்களுக்காக இலக்கணத்தில் ஒரே ஒரு செய்தி. ‘ஹி ரன்ஸ் அப் த ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடுகிறான். அதே அமைப்பில் ‘ரன் அப் எ பில்’ என்றால் கடையில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. முதலாவதில் ‘அப்’ குன்றோடு சேர்ந்தது, இரண்டாவதில் ‘ரன்’ என்ற வினையோடு சேர்ந்தது. எது எது என்று கண்டுபிடிக்க, அப்பை எடுத்துக் கடைசியில் வைத்துப் பாருங்கள். ‘ரன் எ பில் அப்’ என்று சொல்ல முடியும். ‘ரன் த ஹில் அப்’ என்று சொல்ல முடியாது. வினையோடு சேர்ந்த ‘அப்’ இப்படி இடம் மாறும். ‘அது’ என்பதைக் குறிக்கும் ‘இட்’ வந்துவிட்டால் கட்டாயமாக இடம் மாறும். ‘லுக் இட் அப்’ என்பதே சரி, ‘லுக் அப் இட்’ தவறு. எழுதும்போது இன்னொன்று. வினையாக வந்தால் இரண்டு சொல், பெயராக வந்தால் ஒரே சொல் அல்லது இடையில் சிறு கோடு. ‘ஃபாலோ அப்’ செய்வேன் என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதும் பிள்ளைகள் அதை ஒரே சொல்லாக்கிவிடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணில் அது உடனே படும்.

இந்தியா முழுவதும் பரவியிருக்கும் ஒரு வழுவையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கடியைச் சமாளிப்பதற்கு ‘கோப் அப் வித்’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம். அங்கே அப் தேவையில்லை, ‘கோப் வித்’ மட்டுமே. ‘புட் அப் வித்’, ‘கீப் அப் வித்’ என்ற இரண்டின் சாயலில் இதையும் ஒட்டிவிட்டோம். வழு ஏன் வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் அது திரும்ப வராது. தவறு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டு மட்டும் போனால் மீண்டும் மீண்டும் வரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆங்கில வகுப்பில் தமிழ் வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இந்த ஒரு பாடத்துக்காவது தளர்த்துங்கள். தீர்த்துவிடு, கிழித்துப்போடு, சேர்த்துவை, கற்றுக்கொள் என்று தமிழில் நாலு சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். வால் இல்லாமல் சொன்னால் என்ன குறைகிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் உடனே சொல்வார்கள், அது அவர்கள் தாய்மொழி. பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். தமிழாசிரியர்களும் இதில் கைகோக்க வேண்டும். துணைவினையைத் தமிழ் இலக்கண வகுப்பில் நன்றாகக் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இந்தக் கடினமான பகுதி பாதி முடிந்த மாதிரி.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நேர்காணல் அறையில் ஒரு ‘அப்’ கேட்டுத் திகைத்தால், இங்கே எது ஏறுகிறது, எது வெளியே தெரிகிறது, எது ஒன்றுசேர்கிறது, எது தீர்கிறது என்று மனத்துக்குள் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காதபோது வெட்கப்படாமல் பொருள் கேளுங்கள், வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்துப் பாருங்கள். தாய்மொழியை ஊன்றிக் கற்றவருக்கு வேற்றுமொழி எட்டாத உயரம் அல்ல.